மரைக்காயர் முதல் மெரிக்கான் வரை: ஒரு குடும்பப் பெயரின் வரலாறும் எண்ணிக்கையும்



பினாங்கில் வாழும் நமக்கு 'மெரிக்கான்' என்னும் பெயர் புதியதன்று. நாளிதழ்ச் செய்தியிலும் தேர்தல் சுவரொட்டியிலும் அதனைக் கண்டிருப்போம். முதன்முறை கேட்போர் அதனை 'அமெரிக்கன்' என்பதன் குறுக்கம் என்று எண்ணி நகைப்பதும் உண்டு. அமெரிக்காவுக்கும் இப்பெயருக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. தமிழகக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த 'மரைக்காயர்' என்னும் சொல்லே மலாய் நாவிலும் உரோமன் எழுத்திலும் உருமாறி 'மெரிக்கான்' என நிற்கிறது.

ஒரு பெயரைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. அஃது எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அதனை உடையோர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு வரலாறு விடை தருகிறது. இரண்டாம் வினாவை ஆராயப் புகுந்தால், எண்ணிக்கை என்பதே எவ்வாறு உருவாகிறது என்னும் பாடம் நமக்குக் கிடைக்கிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லின் பிறப்பு

தமிழ் முஸ்லிம்களிடையே மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்னும் பெயர்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இராவுத்தர் என்னும் பெயர் குதிரையோடும் குதிரைவீரரோடும் தொடர்புடையது. மரைக்காயர் என்னும் பெயரோ கடலோடு தொடர்புடையது. 'மரக்கலம்' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து 'மரக்கலராயர்' என்றாகி, பின்னர் மரைக்காயர் எனத் திரிந்தது என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். வழி எதுவாயினும் சென்று சேருமிடம் கப்பல்தான்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைமுக ஊர்களில் கப்பல் உடைமையாளர்களாகவும் பெருவணிகர்களாகவும் விளங்கியோர் இப்பெயரைத் தாங்கினர். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். சீறாப்புராணம் இயற்றிய உமறுப்புலவரை ஆதரித்த புரவலர் அவரே என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தந்தையார் இராமேசுவரத்தைச் சேர்ந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர் ஆவார். அவரும் படகு வைத்திருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே மரைக்காயர் என்பது தொடக்கத்தில் குடும்பப் பெயர் அன்று. தொழிலையும் மதிப்பையும் உணர்த்திய பட்டம் அது. இலங்கையின் கிழக்குக் கரையில் அச்சொல் இன்றும் ஒரு பதவியைக் குறிக்கக் காண்கிறோம். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிகள் உள்ளன. ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்பவரை அங்கு மரைக்காயர் என்றே அழைப்பர். ஒரே சொல் ஓரிடத்தில் பட்டமாகவும், ஓரிடத்தில் பதவியாகவும், ஓரிடத்தில் சமூகப் பெயராகவும், நம் பினாங்கில் குடும்பப் பெயராகவும் நிற்பது வியப்புக்குரியது.

பினாங்குக்கு வந்த கதை

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு பினாங்கில் கால் பதித்தார். ஆயினும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே எதிர்க்கரையாகிய கெடாவில் நிலைபெற்றிருந்தனர். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த இவர்களைச் 'சூலியா' என்று அழைத்தனர். 1669 முதல் 1679 வரை வங்கக் கடல் நாடுகளில் வாணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், மலாய் நாட்டுத் துறைமுகங்களில் தாம் கண்ட சூலியாக்களைப் பற்றி எழுதி வைத்துள்ளார். கெடா மன்னரின் வாணிகத்தைக் கவனிக்கும் 'சௌதாகர் ராஜா' என்னும் பொறுப்பிலும் சூலியாக்கள் இருந்துள்ளனர்.

இத்தீவின் மக்களைப் பற்றி 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் ஏறத்தாழ 1,000 சூலியாக்கள் இங்குக் குடியேறியிருந்ததாகக் குறிப்பிடுகிறார். சிலர் குடும்பத்தோடு வாழ்ந்தனர் என்றும், பெரும்பாலோர் முன்னரே கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் அவர் எழுதுகிறார். இவர்களைத் தவிர ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து, பொருளீட்டி, ஊர் திரும்பினர். எட்டே ஆண்டு வயதுடைய ஒரு புதிய நகருக்கு இவை பெரிய எண்கள்.

அச்சமூகத்தின் தலைவராக 1801இல் நியமிக்கப்பட்டவரே காதர் முகைதீன் மெரிக்கான். 'கப்பித்தான் கிளிங்' என்பது அவர் ஏற்ற பதவியின் பெயர். 'கிளிங்' என்னும் சொல் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர். இன்று அச்சொல் நம்மவரைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. அன்று தென்னிந்தியரைக் குறிக்கும் பொதுப்பெயராக வழங்கியது. அதே 1801இல் துணை ஆளுநர் சர் ஜோர்ஜ் லீத் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அங்கு எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். முன்னர் பிட் வீதி எனப்பட்ட சாலை இன்று அப்பள்ளிவாசலின் பெயரைத் தாங்குகிறது. அருகே சூலியா வீதி ஓடுகிறது. அவ்வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரிலமைந்த தர்கா நிற்கிறது. யுனெஸ்கோ 2008இல் உலக மரபுடைமைத் தளமாக அறிவித்த ஜோர்ஜ் டவுனின் நடுப்பகுதியே இது.

காதர் முகைதீன் 1834இல் மறைந்தார். அவர் வழிவந்தோரும், அவரைப் போலக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பிற மரைக்காயர் வழியினரும் பினாங்கிலும் கெடாவிலும் பரவினர். தமிழகத்து மரைக்காயர்களுள் பெரும்பாலோர் ஷாஃபி என்னும் சட்ட மரபைப் பின்பற்றுவோர். மலாய் மக்களும் அம்மரபினரே. ஆகவே திருமண உறவு எளிதாயிற்று. மலாய்த் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகள் 'ஜாவி பெரானாக்கான்' அல்லது 'ஜாவி பெக்கான்' எனப்பட்டனர். இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழி மலாயாயிற்று. உடை, உணவு, சடங்கு அனைத்தும் மாறின. பெயர் மட்டும் மாறாது நின்றது.

பட்டம் குடும்பப் பெயரானது

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தமிழர்க்கும் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, மலாய்க்காரர்க்கும் இல்லை. நாம் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று தந்தை பெயரைச் சேர்த்து எழுதுகிறோம். அவர்கள் 'பின்', 'பிந்தி' என்று எழுதுகிறார்கள். இரு முறையிலும் தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கே நிலைக்கும். பேரன் அடையாள அட்டையில் பாட்டனார் பெயர் இராது.

மெரிக்கான் என்னும் பெயரோ இம்முறைக்குள் இருந்துகொண்டே இம்முறையை மீறுகிறது. கெப்பாலா பத்தாஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 2013 முதல் 2022 வரை இருந்தவரும், முன்னாள் அமைச்சருமான ரீசால் மெரிக்கானின் முழுப்பெயர் ரீசால் மெரிக்கான் பின் நைனா மெரிக்கான். மகன் பெயரிலும் மெரிக்கான் உண்டு. தந்தை பெயரிலும் உண்டு. 'பின்' நடுவே நின்றும் பெயர் அறுபடவில்லை. தந்தையார் பெயரிலுள்ள 'நைனா' என்பதும் நம் கடற்கரையில் வழங்கும் பெயரே.

மரைக்காயர் என்பது மெரிக்கான் ஆனதில் இலக்கணமும் உண்டு. தமிழில் 'ஆர்' என்பது மரியாதைப் பன்மை விகுதி. 'ஆன்' என்பது ஆண்பால் ஒருமை விகுதி. மரைக்கார், மரைக்கான் என்னும் இரு வடிவங்களும் இவ்வாறே அமைந்தவை. பிறர் அழைக்கும்போது 'மரைக்கார்' என்பது பொருந்தும். ஒருவர் தம் பெயராக எழுதும்போது பணிவு கருதி 'மரைக்கான்' என்பது பொருந்தும். பினாங்கில் நிலைத்தது இரண்டாவது வடிவம். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு விகுதி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு சொல், பல எழுத்து

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எண்ணப் புகுமுன் எதனை எண்ணுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இச்சொல் சென்ற நாடெல்லாம் வெவ்வேறு உருவம் பெற்றது.

1. கேரளத்தில் அது 'மரக்கார்'. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசரை எதிர்த்துப் போரிட்ட குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

2. இலங்கையில் அது 'மரிக்கார்'. கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். அது 1877இல் திறக்கப்பட்டது. பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் வினவ, வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடிவைக்குமாறு மட்டும் அவர் கேட்டுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

3. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் அது 'மரிக்கார்' எனவே எழுதப்பட்டாலும் எழுத்துக்கூட்டல் வேறு. புதுச்சேரியின் முதலமைச்சராக 1967இல் முதன்முறை பொறுப்பேற்ற எம்.ஓ.எச். ஃபாரூக் மரைக்காயர் இவ்வழியினர். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

4. மலேசியாவிலேயே 'மெரிக்கான்' என்றும் 'மரிக்கான்' என்றும் இரு வடிவங்கள் உள்ளன. பெட்ரோனாஸ் நிறுவனத்தை 1995 முதல் 2010 வரை தலைமையேற்று நடத்திய ஹசான் மரிக்கான் இரண்டாம் வடிவத்தை எழுதுபவர்.

உரோமன் எழுத்தில் முதலசைக்குச் சிலர் 'ஏ' எழுத்தையும், சிலர் 'இ' எழுத்தையும் இடுவர். ககர ஒலிக்குச் சிலர் 'சி', சிலர் 'கே', சிலர் இரட்டைக் 'கே'. இறுதியில் சிலர்க்கு 'ஆர்', சிலர்க்கு 'என்'. ஜாவி எழுத்திலோ உயிரொலிகள் பல எழுதப்படுவதே இல்லை. படிப்பவர் தம் பழக்கத்திற்கேற்ப ஒலித்துக்கொள்வார். அவசரகாலத்தில், 1948ஆம் ஆண்டு, மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியபோது, வாய்மொழியாக வழங்கிய பல பெயர்கள் முதன்முறையாக நிலையான எழுத்துருப் பெற்றன. அன்று பதிந்த எழுத்தே பின்வந்த தலைமுறைக்கும் பெயராயிற்று.

எத்தனை பேர்?

சில நாடுகளில் குடும்பப் பெயர்வாரியாக மக்கள்தொகைப் பட்டியல் வெளியிடப்படுகிறது. தென்கொரியாவின் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிம் என்னும் பெயருடையோர் 1 கோடியே 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டு மக்களில் ஐவருள் ஒருவருக்கும் சற்று மிகுதி. அமெரிக்கா 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து 1,62,253 குடும்பப் பெயர்களை வெளியிட்டது. ஆனால் 100 பேருக்குக் குறையாமல் உள்ள பெயர்களுக்கே அப்பட்டியலில் இடம்.

இந்த 100 என்னும் வரம்பைச் சிந்திப்போம். கணக்குக்காக ஒரு நாட்டில் மரைக்காயர் வழிப்பெயர் உடையோர் 320 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். அவர்கள் நான்கு வகையாகப் பெயரை எழுதுகிறார்கள். ஒவ்வொரு வகையிலும் 80 பேர். நான்கும் 100க்குக் கீழ். பட்டியலில் ஒன்றும் இடம்பெறாது. 320 பேர் உயிரோடிருக்க, பெயரோ இல்லை என்றாகிவிடும். அரிய பெயர் என நாம் கருதுவதில் ஒரு பகுதி, எழுத்துக்கூட்டலால் விளைந்த அருமையே.

மலேசியக் கணக்கெடுப்பில் குடும்பப் பெயர்ப் பட்டியல் இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி பினாங்கு மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 17 இலட்சத்து 40 ஆயிரம். இம்மக்கள் பூமிபுத்திரா, சீனர், இந்தியர், ஏனையோர் எனப் பகுக்கப்படுகின்றனர். மெரிக்கான்கள் எந்தக் கட்டத்தில் வருவர்?

காலந்தோறும் விடை மாறியுள்ளது. நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் எடுக்கப்பட்ட கணக்கில் 'கிளிங்' எனவும் 'ஜாவி பெக்கான்' எனவும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. தமிழகத்தில் பிறந்து வந்த மரைக்காயர் முதற்கட்டத்திலும், இங்குப் பிறந்த அவர் மகன் இரண்டாம் கட்டத்திலும் இடம்பெற்றிருக்கக் கூடும். ஒரே வீட்டில் இரண்டு இனம்! இருபதாம் நூற்றாண்டில் ஜாவி பெக்கான் என்னும் கட்டமே மறைந்தது. 1957ஆம் ஆண்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய்மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்போரை மலாய்க்காரர் என வரையறுக்கிறது. பிறப்பிடம், வாழிடம் பற்றிய நிபந்தனைகளும் உண்டு. முன்னோர் எக்கரையிலிருந்து வந்தனர் என்று அவ்வரையறை வினவுவதில்லை. ஆகவே மெரிக்கான் குடும்பத்தினர் பலர் மலாய்க்காரராகவும், தமிழ் பேசும் மரைக்காயர் சிலர் இந்தியராகவும் எண்ணப்படுகின்றனர்.

அவரவர் தம்மை எவ்வாறு உணர்கின்றனரோ அவ்வாறே வாழ்வது அவரவர் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. நாம் உணர வேண்டியது வேறு. கட்டங்கள் மக்களைப் பிரித்து எண்ணுகின்றன. பெயரோ கட்டங்களுக்குக் குறுக்கே ஓடுகிறது. புள்ளிவிவரத்தை மட்டும் படிப்பவர்க்கு இக்குடும்பங்களின் இருநூறாண்டுக் கதை புலப்படாது. பெயரைப் படிப்பவர்க்குப் புலப்படும்.

நமக்கு இதில் என்ன?

தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் இதனை அறிவதால் என்ன பயன் என்று வினவலாம். இரண்டு பயன்களைக் கூற விரும்புகிறேன்.

ஒன்று, நம் பிள்ளைகளுள் பலர் இந்நாட்டுத் தமிழர் வரலாறு இரப்பர்த் தோட்டத்தில்தான் தொடங்கியது என்று எண்ணுகின்றனர். பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பு போற்றத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆயினும் மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழர் இங்குக் கப்பல் உடைமையாளராகவும், வணிகராகவும், சமூகத் தலைவராகவும் வாழ்ந்தனர் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். ஜோர்ஜ் டவுன் வீதிகளில் மாணவரை அழைத்துச் செல்லும்போது, கட்டடங்களோடு வீதிப் பெயர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நம் வீட்டைப் பற்றியது. மெரிக்கான் குடும்பத்தினர் மொழி மாறியும் பெயரால் தம் மூலத்தை அறிகின்றனர். மொழி மாறாத நம்மிடம் அத்தகைய பெயர் இல்லை. தந்தை பெயர் மட்டுமே எழுதப்படுவதால் மூன்றாம் தலைமுறையில் கொள்ளுப்பாட்டனார் மறக்கப்படுகிறார். போதாக்குறைக்கு ஒரே குடும்பத்தில் 'முனியாண்டி' என்னும் பெயர் மூன்று பிறப்புப் பத்திரங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. இதன் பொருட்டுக் குடும்பப் பெயர் ஒன்றைப் புதிதாகப் படைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுதி வைத்தால் போதும்.

வகுப்பில் ஒரு சிறு பயிற்சி தரலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயர், தந்தை அல்லது தாய் பெயர், பாட்டனார் பாட்டியார் பெயர், அவர்தம் பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும், பத்திரத்தில் உள்ளவாறு உரோமன் எழுத்திலும் எழுதி வரட்டும். எழுத்துக்கூட்டல் எங்கே மாறியது, எவ்வூரிலிருந்து வந்தனர், பெயரின் பொருள் என்ன என்று கேட்டு வரட்டும். தெரியாத இடத்தை வெற்றிடமாக விடட்டும். அவ்வெற்றிடத்தைக் கண்ட பெற்றோர் தம் பெற்றோரிடம் கேட்பர். வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி இருப்பின், இப்பயிற்சியை அடுத்த தவணைக்கு ஒத்திவைக்க வேண்டா.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பிறப்பைப் பதியச் செல்லும்போது பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். அண்ணன் பெயரில் தந்தையின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டதோ அவ்வாறே தம்பிக்கும் எழுதப்பட்டுள்ளதா என்று கையொப்பமிடும் முன் பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் பட்டியலில் ஒரு குடும்பம் இரண்டாகிறது. மரைக்காயர் என்னும் சொல் எத்தனை நாடுகளில் எத்தனை உருவாகச் சிதறியது என்பதைக் கண்டோம். நம் பெயர்கள் ஒரே வீட்டுக்குள் சிதறாமலாவது பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர், பினாங்கு